ஊதா பேசில்: வீட்டுத்தோட்டக்காரர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

திருச்சியில் எங்கள் வீட்டு மொட்டைமாடியில் ஐந்து வருடமாக ஊதா பேசில் வளர்த்து வருகிறேன். மாடிக்கு வருகிறவர்கள் முதலில் கேட்பது அந்தக் கத்திரிப்பூ நிறச் செடியைப் பற்றித்தான். நாற்று வாங்கிப் போகிறவர்கள் ஒரு மாதம் கழித்து இன்னொரு கேள்வியோடு வருவார்கள்: "இலை பச்சையாயிடுச்சே, ஏன்?" இப்படி வந்த கேள்விகளையும், எனக்கு அனுபவத்தில் கிடைத்த பதில்களையும் இங்கே தொகுத்திருக்கிறேன்.

இது துளசியா?

துளசிக்கு நெருங்கிய சொந்தம், ஆனால் துளசி கிடையாது. நம் ஊர் திருநீற்றுப்பச்சிலை இருக்கிறதே, இது அந்த இனம். தாவரவியலில் இரண்டுக்கும் ஒரே பெயர்: ஆசிமம் பேசிலிக்கம். துளசி அதே குடும்பத்தில் வேறு இனம். நன்னாரி சர்பத்திலும் ஃபலூடாவிலும் போடுகிற சப்ஜா விதை திருநீற்றுப்பச்சிலையின் விதைதான். இலங்கையில் அதைக் கசகசா என்பார்கள். இத்தாலியச் சமையலில் வரும் பச்சை பேசில், தாய்லாந்துக்காரர்கள் ஹோரபா என்று சொல்லும் ஊதாத் தண்டு பேசில், நம் திருநீற்றுப்பச்சிலை, இந்த ஊதா பேசில் எல்லாமே ஒரே இனத்தின் வெவ்வேறு ரகங்கள்.

இதை எனக்குச் சொல்லிக்கொடுத்தது என் மாமியார். முதல் செடி ஒரு சாண் வளர்ந்திருந்தபோது ஒரு இலையைக் கசக்கி முகர்ந்து பார்த்துவிட்டு, "இது துன்னூத்துப்பச்சில வாசம்ல?" என்றார். விதைப் பாக்கெட்டில் வெளிநாட்டுப் பெயரைப் பார்த்து, ஏதோ பதமாகப் பார்த்துக்கொள்ள வேண்டிய செடி என்று அதுவரை நான் பயந்துகொண்டிருந்தேன். துன்னூத்துப்பச்சிலையை அவர்கள் ஊரில் எப்படி வளர்த்தார்கள் என்று கேட்டு அப்படியே செய்ய ஆரம்பித்த பிறகுதான் செடி ஒழுங்காக வந்தது. இந்தப் பக்கத்தில் வளர்ப்பு பற்றி நான் சொல்வதில் பாதி அவரிடம் கேட்டது.

கருந்துளசியும் ஊதாவாகத்தானே இருக்கிறது? எப்படி வேறுபடுத்துவது?

தொட்டுப் பாருங்கள். கருந்துளசியின் தண்டிலும் இலையிலும் மெல்லிய ரோமம் இருக்கும், பளபளப்பு இருக்காது. ஊதா பேசிலின் இலை வழவழப்பாக, மினுமினுப்பாக, கரண்டி போலச் சற்றுக் குழிந்து இருக்கும். கருந்துளசி இலையைக் கசக்கினால் கிராம்பு வாசனை வரும். பேசிலில் சோம்பு, கிராம்பு, கொஞ்சம் புதினா எல்லாம் கலந்த மாதிரி ஒரு இனிப்பு வாசனை. விதையிலும் வித்தியாசம் தெரியும். பேசில் விதை எள்ளை விடச் சிறியது, கறுப்பு. தண்ணீர் பட்டதும் வெள்ளைக் கூழ் சூழ்ந்து ஊதிவிடும். துளசி விதை அதையும் விடச் சிறியது, பழுப்பு நிறம்.

நாற்றுப்பண்ணைகளில் இரண்டையும் மாற்றிக் கொடுப்பது சகஜம். ஒருமுறை 'ஊதா பேசில்' என்று எழுதி வைத்திருந்த நான்கு தொட்டிகளை நம்பி வாங்கி வந்தேன். நான்கும் கருந்துளசி. பூஜைக்கு ஆயிற்று, சாலட்டுக்கு ஆகவில்லை. வாங்கும் முன் ஒரு இலையைக் கசக்கிப் பார்த்துவிடுங்கள்.

எந்த ரகம் வாங்கலாம்?

பெயர் பெற்ற பழைய ரகம் 'டார்க் ஓப்பல்'. 1950களில் அமெரிக்காவின் கனெக்டிகட் பல்கலைக்கழகத்தில் உருவாக்கினார்கள். 1962இல் புதிய தோட்ட ரகங்களுக்கு அந்நாட்டில் தரும் ஆல் அமெரிக்கா செலக்‌ஷன்ஸ் விருது பெற்றது. இலை அடர் ஊதா, ஆனால் விதையில் முளைக்கும் நாற்றுகள் எல்லாமே ஊதாவாக வருவதில்லை. அதிலிருந்து தேர்ந்தெடுத்து மேம்படுத்திய 'ரெட் ரூபின்' நிறத்தில் இன்னும் சீரானது. 'பர்ப்பிள் ரஃபிள்ஸ்' என்று ஒன்று உண்டு, 1987இல் அதே விருதைப் பெற்றது. விளிம்பு சுருள்சுருளாக, பார்க்க மிக அழகு. ஆனால் நாற்றுப் பருவத்தில் ரொம்பவே மெதுவாக வளரும்.

முதல்முறை வளர்க்கிறவர்களுக்கு என் பரிந்துரை ரெட் ரூபின்.

சப்ஜா விதையைப் போட்டால் ஊதா செடி வருமா?

வராது. கடையில் விற்கும் சப்ஜா பச்சை ரகத்தின் விதை. அதைப் போட்டால் திருநீற்றுப்பச்சிலை முளைக்கும், அதுவும் நல்ல செடிதான். சொல்லப்போனால் பேசில் வளர்த்தே பழக்கமில்லாதவர்கள் ஒரு ஸ்பூன் சப்ஜாவைத் தூவி முதலில் கை பழகிக்கொள்ளலாம். ஊதா விதை கொஞ்சம் விலை அதிகம். பழகும்போது வீணாவது சப்ஜாவாகவே இருக்கட்டும்.

எந்த மாதத்தில் விதைப்பது?

சமவெளியில் தை மாதம்தான் முதல் தேர்வு. வடகிழக்குப் பருவமழை ஓய்ந்திருக்கும், வெயில் இதமாக இருக்கும். தையில் விதைத்தால் மாசிக் கடைசியில் பறிக்க ஆரம்பிக்கலாம். இரண்டாவது வாய்ப்பு ஆடி. அப்போது விதைத்தால் ஐப்பசி அடைமழைக்குள் செடி பலம் பெற்றுவிடும். சித்திரை, வைகாசி வெயிலில் விதைக்க வேண்டாம், நாற்று தாங்காது. ஊட்டி, கொடைக்கானல் பக்கம் இருப்பவர்கள் இதைத் தலைகீழாக வைத்துக்கொள்ளுங்கள்: அங்கே குளிர்தான் எதிரி, பங்குனி, சித்திரையில் விதைக்கலாம்.

விதைக்கும் முறை?

குழித்தட்டிலோ, அடியில் ஓட்டை போட்ட தயிர் டப்பாவிலோ தேங்காய் நார்க்கழிவும் மண்புழு உரமும் சமமாகக் கலந்து நிரப்பி, ஈரமாக்கிக்கொள்ளுங்கள். விதையை மேலே தூவி, அது மறையும் அளவுக்கு மட்டும் மெல்லிசாக மூடினால் போதும். அரை சென்டிமீட்டருக்கு மேல் ஆழம் வேண்டாம்.

விதையை ஊறவைத்து விதைக்காதீர்கள். ஊறினால் கூழாகி ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும், பிரித்து விதைக்கவே முடியாது. நான் முதல் வருடம் வெண்டை, கீரை பழக்கத்தில் இரவு ஊறவைத்துவிட்டு, காலையில் தவளை முட்டை மாதிரி ஒரு கட்டியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன்.

ஐந்திலிருந்து பத்து நாளில் முளைக்கும். ஒரு கிராமில் சுமார் 600 விதை இருக்கும், ஒரு வீட்டுக்கு இருபது விதை தாராளம். தண்ணீரை ஊற்றாமல் தெளிப்பானில் தெளியுங்கள். நாற்று நெருக்கமாக, ஈரம் அதிகமாக இருந்தால் தண்டு மண்மட்டத்தில் கருத்துச் சாய்ந்துவிடும். அதுதான் நாற்றழுகல். வந்த நாற்றைக் காப்பாற்ற வழியில்லை. காற்றோட்டம் கொடுத்து மற்ற நாற்றுகளைக் காப்பாற்றலாம்.

முதலில் வரும் இரண்டு வித்திலையைச் சேர்க்காமல் நான்கு நிஜ இலைகள் வந்ததும் பெரிய தொட்டிக்கு மாற்றலாம். ஊதா ரகம் பச்சை ரகத்தை விட நிதானமாகத்தான் வளரும், பக்கத்துத் தொட்டியோடு ஒப்பிட்டுக் கவலைப்பட வேண்டாம்.

முளைத்த நாற்றில் சில பச்சையாக, சில புள்ளி புள்ளியாக இருக்கின்றன. ஏமாற்றிவிட்டார்களா?

பெரும்பாலும் இல்லை. ஊதா நிறம் இந்த இனத்தில் அவ்வளவு நிலையானது கிடையாது, அதிலும் டார்க் ஓப்பலில் பச்சை நாற்றும், ஊதாத் திட்டு விழுந்த பச்சை நாற்றும் கண்டிப்பாகக் கலந்து வரும். அதனால்தான் தேவையைப் போல் இரண்டு மடங்கு விதைக்கச் சொல்கிறேன். இரண்டாவது ஜோடி இலை வரும்போதே நிறம் தெரிந்துவிடும். நல்ல அடர் நிறமுள்ளதை நிறுத்திக்கொண்டு மற்றதைப் பிடுங்கிச் சட்னியில் சேர்த்துவிடுங்கள். வாசனை அதிலும் இருக்கிறது.

தொட்டி, மண்?

எட்டு முதல் பத்து அங்குலத் தொட்டியில் ஒரு செடி. செம்மண் ஒரு பங்கு, நார்க்கழிவு ஒரு பங்கு, மக்கிய தொழுவுரமோ மண்புழு உரமோ ஒரு பங்கு. கூடவே ஒரு கைப்பிடி வேப்பம்புண்ணாக்கு. அடியில் ஓட்டை அடைபடாமல் இருக்க வேண்டும். இதற்கு மேல் மண்ணைப் பற்றி யோசிக்கத் தேவையில்லை.

நன்றாக இருந்த செடி, போகப்போகப் பச்சையாகிறது. ஏன்?

இதுதான் என்னிடம் அதிகம் வருகிற கேள்வி. ஊதா நிறத்தைக் கொடுப்பது அந்தோசயனின் என்ற நிறமி. நாவல்பழத்திலும் கத்திரிக்காய்த் தோலிலும் இருப்பது இதே வகை நிறமிதான். இலையில் பச்சையம் எப்போதும் போல இருக்கிறது, இந்த ஊதா அதன்மேல் போர்த்திய சேலை மாதிரி. செடி இந்த நிறமியை நிறையச் செய்வது வெளிச்சம் அதிகம் படும்போதுதான், ஏனென்றால் மிகையான வெளிச்சத்திலிருந்து இலையைக் காக்கும் திரைகளில் அதுவும் ஒன்று. நிழலில் அந்தத் திரை தேவைப்படாது, செடியும் நெய்யாது.

ஆகவே முதலில் தொட்டி இருக்கும் இடத்தைப் பாருங்கள். ஒரு நாளைக்கு ஆறு மணி நேரமாவது நேரடி வெயில் படவேண்டும். ஃபிளாட்டில் பால்கனி மட்டுமே உள்ளவர்களுக்குக் கிழக்குப் பக்கம் பரவாயில்லை, வடக்குப் பக்கம் என்றால் செடி பச்சையாகத்தான் இருக்கும். சமையலறை ஜன்னலில் வைத்து 'அழகுக்கு' வளர்க்க ஆசைப்படுபவர்களுக்கு வருத்தமான செய்திதான், ஆனால் இதில் மாற்று இல்லை.

இரண்டாவது காரணம், உரம். மாட்டுச்சாணம், மீன் அமிலம், யூரியா எதுவானாலும் தழைச்சத்து அளவுக்கு மீறினால் இலை பெரிதாக, மெத்தென்று, பச்சையாக வரும். வாசனையும் குறையும்.

மூன்றாவது, எங்கள் ஊர் மாதிரி இடங்களுக்கே உரியது: கத்திரி வெயில். வெளிச்சம் நிறத்தைக் கூட்டும், கடும் சூடு அதைக் குறைக்கும். அக்னி நட்சத்திர நாட்களில் வெயில் கொட்டுகிறதே, நிறம் ஏன் மங்குகிறது என்று குழம்ப வேண்டாம். அந்த மூன்று நான்கு வாரம் மதியத்துக்கு மட்டும் பச்சை நிழல்வலை கட்டுங்கள், காலை வெயில் படட்டும். மாடித் தரையின் சூடு தொட்டியில் ஏறாமல் இரண்டு செங்கல் வைத்துத் தூக்கிவிடுங்கள். ஆடிக் காற்று வந்து சூடு தணிந்ததும் புதுத்துளிர் மறுபடி அடர் நிறத்தில் வரும்.

எப்படியும், ஏற்கெனவே பச்சையான இலைக்காகக் காத்திருக்காதீர்கள். பச்சைக் கிளைகளை வெட்டிவிட்டு, புதுத்துளிர் என்ன நிறத்தில் வருகிறது என்று பாருங்கள். வெயிலும் உரமும் சரியாக இருந்தும் ஒரு கிளை மட்டும் பிடிவாதமாகப் பச்சையாகவே வந்தால் அது அந்தச் செடியின் பிறவிக்குணம். அதை அடியோடு வெட்டிவிட வேண்டும், இல்லாவிட்டால் வேகமாக வளர்ந்து ஊதாக் கிளைகளை அமுக்கிவிடும்.

தண்ணீர் எவ்வளவு?

விரலை மண்ணில் ஒரு அங்குலம் விட்டுப் பாருங்கள், காய்ந்திருந்தால் ஊற்றுங்கள். கோடையில் தினம் ஒருமுறை, சில நாள் இருமுறை. காலையில், வேரில் மட்டும். மாலையில் இலை நனைய ஊற்றினால் இரவெல்லாம் ஈரம் தங்கி நோய் வரும். மதியம் இலை தொங்குவதைப் பார்த்துப் பதறி ஊற்றாதீர்கள். சாயங்காலம் தானாக நிமிர்ந்தால் அது வெயில் வாட்டம்தான். நிமிராமல், மண்ணும் ஈரமாக இருந்தால் வேரில் பிரச்சினை.

உரம்?

மாதம் ஒருமுறை ஒரு கைப்பிடி மண்புழு உரம். பதினைந்து நாளுக்கு ஒருமுறை பஞ்சகவ்யம், லிட்டருக்கு 30 மில்லி. இலை தின்கிற செடி என்பதால் பஞ்சகவ்யத்தை இலையில் தெளிக்காமல் வேரில் ஊற்றுகிறேன். அவ்வளவுதான்.

கொழுந்து கிள்ள மனசே வரவில்லை, கிள்ளாமல் விட்டால் என்ன?

ஒரே தண்டாக ஓங்கி வளர்ந்து, உச்சியில் பூ வந்து, அடி இலைகள் உதிர்ந்து, இரண்டு மாதத்தில் ஆயுள் முடிந்துவிடும். பேசில் ஓராண்டுச் செடி. பூத்து விதை கட்டிவிட்டால் தன் வேலை முடிந்தது என்று அதற்குத் தெரியும்.

செடி ஒரு சாண் உயரம் வந்ததும், எதிரெதிராக இரண்டு இலை பிரியும் கணுவுக்குச் சற்று மேலே கிள்ளுங்கள். அந்தக் கணுவிலிருந்து இரண்டு கிளை வரும். அவை நான்கு இலை விட்டதும் மறுபடி. இப்படி மூன்று முறை கிள்ளிய செடி பந்து மாதிரி புதராகி நிற்கும். ஒரு நேரத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் பறிக்க வேண்டாம். பூமொட்டு தலை காட்டியதும் அதோடு சேர்த்து இரண்டு ஜோடி இலையையும் எடுத்துவிடுங்கள். இளம் ஊதாவும் ரோஜாவும் கலந்த அந்தப் பூவையும் தின்னலாம், தயிர்ப்பச்சடி மேல் தூவினால் அழகாக இருக்கும்.

இப்படிப் பார்த்துக்கொண்டால் தையில் வைத்த செடி எனக்கு ஆவணி வரைக்கும் வருகிறது.

குச்சி நட்டு வளர்க்கலாமா?

தாராளமாக. எனக்கு விதையை விட இதுதான் பிடித்த வழி, ஏனென்றால் தாய்ச்செடியின் நிறம் அப்படியே வரும், பச்சை நாற்றுத் தொல்லை இல்லை. பூக்காத கிளையில் நான்கு அங்குல நீளம் வெட்டி, கீழ் இலைகளை எடுத்துவிட்டு, டம்ளர் தண்ணீரில் நிழலான வெளிச்சத்தில் வையுங்கள். இரண்டு நாளுக்கு ஒருமுறை தண்ணீர் மாற்றவும். ஒரு வாரம், பத்து நாளில் வெள்ளை வேர் வரும். வேர் ஒரு அங்குலம் ஆனதும் மண்ணுக்கு மாற்றி நான்கு நாள் நிழலில் வைத்து, பிறகு மெல்ல வெயிலுக்கு நகர்த்துங்கள். பாசன நீர் உப்பாக இருக்கும் வீடுகளில் வேர்விடும் டம்ளருக்கு மட்டும் குடிநீர் பயன்படுத்துவது நல்லது.

பூச்சி, நோய்?

மாவுப்பூச்சியும் அசுவினியும் முதலில் வரும், எறும்பு ஏறுவதே அதற்கு அடையாளம். கொஞ்சமாக இருந்தால் தண்ணீரைப் பீய்ச்சி அடித்துக் கழுவிவிடலாம். அதிகமானால் ஒரு லிட்டர் தண்ணீரில் 5 மில்லி வேப்பெண்ணெயும் சில துளி சோப்புக் கரைசலும் கலந்து, வெயில் இறங்கியபின் இலையின் அடிப்பக்கத்தில் தெளியுங்கள். தெளித்த பிறகு ஒரு வாரம் இலை பறிக்காதீர்கள். வேப்பெண்ணெய்க் கசப்பு சர்பத்தில் தெரியும். இலையைச் சுருட்டி உள்ளே இருக்கும் புழுவைக் கையால் எடுப்பதுதான் வழி. மழைக்காலத்தில் நத்தை, இரவு டார்ச் அடித்துப் பொறுக்குங்கள்.

நோயில் பயப்பட வேண்டியது இரண்டு. ஒன்று அடிச்சாம்பல் நோய். பச்சை ரகத்தில் இலை மஞ்சளாகிக் காட்டிக்கொடுக்கும். ஊதா இலையில் மேலே ஒன்றும் தெரியாது. அதனால் மழை நாட்களில் இலையைத் திருப்பிப் பார்ப்பதை வழக்கமாக்கிக்கொள்ளுங்கள். அடியில் சாம்பல் பூத்த மாதிரி இருந்தால் அந்தக் கிளைகளை உடனே வெட்டிக் குப்பையில் போடுங்கள், உரக்குழியில் வேண்டாம். இன்னொன்று வாடல் நோய். ஒரு பக்கக் கிளை மட்டும் திடீரென்று வாடும், தண்டில் பழுப்புக் கோடு தெரியும். செடியை மண்ணோடு அகற்றிவிட்டு, அந்தத் தொட்டியில் அடுத்துப் பேசிலோ துளசியோ வைக்காமல் வேறு குடும்பச் செடி வையுங்கள்.

அடைமழையில் என்ன செய்வது?

ஐப்பசி, கார்த்திகையில் தொட்டியைத் தாழ்வாரத்துக்கு நகர்த்துங்கள். இடமில்லாவிட்டால் முன்கூட்டியே நான்கு குச்சி வெட்டி டம்ளரில் போட்டுவிடுங்கள். நான் இப்போதெல்லாம் தாய்ச்செடியைக் காப்பாற்ற மெனக்கெடுவதில்லை, குச்சிகளோடு தைக்குக் காத்திருக்கிறேன்.

பறித்து ஃப்ரிட்ஜில் வைத்தால் அழுகின மாதிரி ஆகிறதே?

பேசிலுக்குக் குளிர் ஆகாது. பத்து டிகிரிக்குக் கீழே போனாலே இலை கருத்துச் சுருளும், வீட்டு ஃப்ரிட்ஜ் நான்கு டிகிரியில் ஓடுகிறது. கொத்தமல்லிப் பழக்கத்தை இதற்குக் கொண்டுவராமல், கிளையோடு பறித்து, பூ வைப்பது போல டம்ளர் தண்ணீரில் அடுப்பங்கரை மேடையில் வையுங்கள். நான்கைந்து நாள் தாங்கும், சில சமயம் அங்கேயே வேரும் விடும். நிறைய மிஞ்சினால் எலுமிச்சைச் சாறு கொஞ்சம் விட்டு அரைத்து ஐஸ் தட்டில் உறையவைக்கலாம். காயவைத்தால் நிறம் கறுப்பாகி வாசனையும் பாதி போய்விடும், எனக்கு அதில் விருப்பமில்லை.

சமையலில் எதற்கு? சாம்பாரில் போடலாமா?

போட்டால் கெடுதல் இல்லை, ஆனால் இலை வீண். இந்த இலைக்கு இரண்டு விஷயம் தெரிந்துகொள்ள வேண்டும். சூடு அதன் நிறத்தைக் கெடுக்கும், புளிப்பு அதைக் காப்பாற்றும். கொதிக்கும் குழம்பில் போட்டால் இரண்டே நிமிடத்தில் சாயம் குழம்பில் இறங்கி, இலை அழுக்குப் பச்சையாகிவிடும். அதே இலை எலுமிச்சை, தயிர், தக்காளி, வினிகர், மாங்காய் பக்கம் போனால் செக்கச் சிவந்து நிற்கும்.

நம் சாப்பாட்டில் இதற்கு இடம் எங்கே என்று தேடி நான் கண்டுபிடித்தவை: தயிர்சாதத்தில் மாதுளையோடு பொடியாகக் கிழித்துப் போட்டது, வெள்ளரி தக்காளிப் பச்சடி, கிளிமூக்கு மாங்காய்த் துண்டின் மேல் உப்பு, மிளகாய்த்தூளோடு இரண்டு இலை, நீர்மோரில் கறிவேப்பிலைக்குப் பதிலாகக் கசக்கிப் போட்ட நாலு இலை. துவையலும் அரைக்கலாம், ருசி நன்றாகவே இருக்கும், ஆனால் தேங்காயோடு சேர்ந்து சேற்று நிறம் வரும். விருந்தாளிக்கு வைக்க முடியாது. கத்தியால் நறுக்கினால் வெட்டுவாய் கறுக்கும்; கையால் கிழியுங்கள்.

இந்த இலையைத் தினமும் தின்கிறவர்கள் காக்கேசியப் பக்கமும் ஈரானிலும் இருக்கிறார்கள். அர்மீனியா, அஜர்பைஜான், ஜார்ஜியாவில் ரேஹான் (பேசிலுக்கு அங்கே உள்ள பெயர்) என்றாலே ஊதாதான் நினைவுக்கு வரும். சாப்பாட்டு மேசையில் கீரைத்தட்டாகப் பச்சையாகவே வைப்பார்கள். ஈரானில் ரொட்டி, பாலாடைக்கட்டி, முள்ளங்கி, இந்த இலை, அதுவே ஒரு சாப்பாடு. துருக்கியின் மலாத்யா மாகாணத்தில் அரப்கிர் என்ற ஊர் ஊதா ரேஹானுக்கே பெயர் போனது.

அந்தச் சிவப்பு சர்பத் எப்படிச் செய்வது?

துருக்கியிலும் அஜர்பைஜானிலும் செய்யும் ரேஹான் சர்பத்தைத்தான் கேட்கிறீர்கள். இரண்டு கைப்பிடி இலையைக் கழுவி ஒரு பாத்திரத்தில் போடுங்கள். ஒரு லிட்டர் தண்ணீரைக் கொதிக்கவைத்து, அடுப்பை அணைத்துவிட்டு இலைமேல் ஊற்றி மூடுங்கள். இருபது நிமிடத்தில் சாயம் முழுக்கத் தண்ணீரில் இறங்கி, இலை பச்சையாக மிதக்கும். ஊதாவுக்கு அடியில் பச்சையம் இருக்கிறது என்று மேலே சொன்னேனே, அதை இங்கே கண்ணால் பார்க்கலாம். வடிகட்டி, ஆறு ஸ்பூன் சர்க்கரை கலந்து ஆறவிடுங்கள்.

இப்போது தண்ணீர் மங்கலான நீல ஊதாவாக, கொஞ்சம் ஏமாற்றமாகத்தான் இருக்கும். எங்கள் ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரில் செய்தபோது சாம்பல் நீலமாகவே வந்தது. அந்தத் தண்ணீரின் காரத்தன்மை அப்படி. காவிரித் தண்ணீரில் இன்னும் தெளிவாக வரும். பயந்து கொட்டிவிடாதீர்கள். இரண்டு எலுமிச்சையைப் பிழிந்து விடுங்கள். ஒரு நொடியில் மொத்தமும் மாதுளைச் சிவப்பாக மாறும். வீட்டில் குழந்தைகள் இருந்தால் எலுமிச்சையை அவர்கள் கையில் கொடுங்கள். என் மகளுக்கு அமிலம், காரம் பாடம் புரிந்தது எங்கள் சமையலறையில்தான். குடிக்கும்போது ஊறவைத்த சப்ஜா ஒரு ஸ்பூன் சேர்த்தால், அண்ணனும் தம்பியும் ஒரே டம்ளரில்.

வினிகர் போடும் முறை?

கழுவி, ஈரமே இல்லாமல் துடைத்த இலை ஒரு கப், வெள்ளை வினிகர் இரண்டு கப். கண்ணாடி பாட்டில். உலோக மூடி வேண்டாம், அரிக்கும். வெயில் படாத இடத்தில் பத்து நாள் வைத்து வடிகட்டுங்கள். மாணிக்க நிறத்தில் இருக்கும். பிரியாணிக்கு வெங்காயம் நறுக்கி, உப்போடு இதில் ஒரு ஸ்பூன் விட்டுப் பிசறிப் பாருங்கள்.

எண்ணெயில் ஊறவைத்து வைக்கலாமா?

இதில் கவனமாக இருங்கள். வினிகரில் புளிப்பு இருப்பதால் கிருமி வளராது. எண்ணெயில் அந்தப் பாதுகாப்பு கிடையாது. ஈரமுள்ள பச்சை இலையும் பூண்டும் எண்ணெய்க்குள் காற்றுப்படாமல் வெளியில் கிடந்தால் போட்டுலிசம் என்ற கொடிய நோயை உண்டாக்கும் கிருமி வளர இடமிருக்கிறது. வாசனையிலோ நிறத்திலோ அது தெரியாது. செய்தால் சிறிய அளவில் செய்து, ஃப்ரிட்ஜில் வைத்து, மூன்று நான்கு நாளில் தீர்த்துவிடுங்கள்.

மருந்துக் குணம் உண்டா? எல்லோரும் சாப்பிடலாமா?

உணவில் சேர்க்கும் அளவுக்கு எல்லோரும் சாப்பிடலாம். இதை மருந்தாகச் சொல்லி விற்பதை நான் ஏற்பதில்லை. ரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் எடுப்பவர்கள் எந்தப் பச்சிலையையும் திடீரென்று அதிகமாகச் சேர்க்கும் முன் மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள், வைட்டமின் கே அந்த மருந்தின் வேலையைக் குறைக்கும். கடையில் விற்கும் பேசில் தைலம் வேறு சமாச்சாரம், அதைக் குடிக்கக் கூடாது. விதைப்பதற்கென்று விற்கும் விதையையும் சப்ஜா போல ஊறவைத்துக் குடிக்காதீர்கள், பூஞ்சணக்கொல்லி பூசியிருக்கலாம்.

நானே விதை எடுக்கலாமா?

எடுக்கலாம், ஆனால் தேனீயைக் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள். பேசில் பூத்தால் மாடி முழுக்கத் தேனீ வரும், அது வரவேண்டியதுதான். பக்கத்தில் திருநீற்றுப்பச்சிலையோ பச்சை பேசிலோ பூத்திருந்தால் அடுத்த தலைமுறை கலந்துவிடும். நாய்த்துளசியோடும் இது கலக்கும். கடைகளில் வரும் எலுமிச்சை வாசனை பேசில் அப்படிப் பிறந்த கலப்புதான். அடர் நிறமுள்ள ஒரே ஒரு செடியைத் தேர்ந்தெடுத்து, இரண்டு பூங்கொத்துக்கு மட்டும் மொட்டிலேயே மெல்லிய வலைப்பை கட்டுங்கள். ஒரே செடியின் பூக்களுக்குள்ளேயே மகரந்தம் சேர்ந்து காய்க்கும், தினமும் காலையில் பையோடு லேசாக ஆட்டிவிட்டால் விதை இன்னும் கூடுதலாகப் பிடிக்கும். கொத்து பழுப்பாகி, தட்டினால் கறுப்பு விதை உதிரும் சமயத்தில் வெட்டி, காகிதக் கவரில் தலைகீழாகத் தொங்கவிடுங்கள். மற்ற பூக்களைத் தேனீக்கு விட்டுவிடலாம். போன வருடம் நான் இரண்டு கொத்துக்குப் பை கட்டினேன். அதிலிருந்து முளைத்த பதினாறு நாற்றில் பதின்மூன்று ஊதா, மூன்று பச்சை. அந்த மூன்றையும் மாமியார் எடுத்துப்போய் வாசலில் நட்டிருக்கிறார்.